டிரெடில் மெஷினும் சனிக்கிழமை டிசைனர்களும்

அச்சுத் தொழில்ல ரெண்டு வகை கஸ்டமர் உண்டு: சீக்கிரம் குடுன்னு கழுத்தப் புடிக்கிறவங்க, மெதுவாப் பண்ணணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க. மொத வகைய எப்படியாவது சமாளிச்சிடலாம்.

நான் ரெண்டாவது வகைகிட்ட மாட்டுனவ. கல்யாண மண்டபத்துல நீங்க வேர்த்து விறுவிறுத்துப் பரிமாறிக்கிட்டு இருக்கறப்ப, "நானும் கொஞ்சம் பரிமாறிப் பாக்கட்டுமா, ஜாலியா இருக்கும்"னு ஒருத்தர் வந்து சாம்பார் வாளியப் புடுங்கியிருக்காரா? அப்ப நீங்க நம்ம ஆளு. மேல படிங்க.

மந்தாரக்குப்பம் பஜார்ல ஜமீலா அக்காவோட பிரஸ். முன்னாடி ஃப்ளெக்ஸும் ஆஃப்செட்டும். பின்னாடி ஷெட்டுல ஈய எழுத்துல அச்சடிக்கிற ஒரு டிரெடில் மெஷின். காலால மிதிச்சதெல்லாம் அந்தக் காலம், இப்ப மோட்டார் மாட்டியாச்சு, பேரு மட்டும் அப்படியே நிக்குது. அந்த மெஷினப் பாத்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். பக்கத்து நிலக்கரி மைன்ஸ் காண்ட்ராக்டுக்காரங்க, அரிசி மண்டி, உரக்கடை, எல்லாருக்கும் பில் புக்கு வேணும். பில் புக்குக்கு நம்பர் வேணும், கிழிக்கிற எடத்துல பொட்டுப் பொட்டா ஓட்டை வேணும். அது ரெண்டையும் இந்த மெஷின்தான் பண்ணும். நான் பாத்த வரைக்கும் அதுக்கு லீவே கெடையாது.

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பொண்ணு, அந்த மெஷின் ஓடுறத வீடியோ எடுத்துப் போட்டுச்சு. வந்தது வினை. சென்னை, பாண்டி, பெங்களூருலேருந்தெல்லாம் டிசைனருங்க போன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஈய எழுத்தக் கையால கோத்து, கையால மை தடவி, ஒரு தாளாவது அடிச்சுப் பாக்கணுமாம். அக்கா வியாபாரி. சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை 'ஒர்க்‌ஷாப்'னு போர்டு வெச்சுட்டாங்க. சொல்லிக் குடுக்க ஆளு? "நீதான டிசைன் படிக்கிற நிலா, அவங்க பேசறது ஒனக்குத்தான் புரியும்"னு என்னைத் தள்ளி வுட்டுட்டாங்க. நான் கடலூர்ல காலேஜ் கடைசி வருஷம். எனக்கே அவங்க பேசறது பாதி புரியாது.

நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னா, எங்கப்பா மைன்ஸ்ல பர்மனன்ட், இது அவருக்குக் கடைசி வருஷம். ரிட்டயர் ஆனா மைன்ஸ் குடுத்த குவாட்டர்ஸக் காலி பண்ணணும். பொறந்ததுலேருந்து இருந்த வூடு நம்ம வூடு இல்லன்னு டவுன்ஷிப் புள்ளைங்களுக்கு அப்பத்தான் ஒறைக்கும். அதுக்குள்ள எனக்கு சென்னையில ஒரு டிசைன் வேலை கெடச்சா மூணு பேரும் அங்க போயிடலாம். இல்லன்னா சிவகங்கைப் பக்கம் அப்பாவோட ஊரு. அங்க எனக்கு யாரையும் தெரியாது, என்னையும் யாருக்கும் தெரியாது. ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்க எல்லாரும் எங்கயாவது வேலையில இருக்கறவங்க. ஒருத்தராவது கூப்பிட மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை. அவ்ளோதான்.

கறை படிஞ்ச ஏப்ரன்

மொத பேட்ச்சு வர்றதுக்கு முன்னாடி அக்கா புதுசா ஏப்ரன் தெச்சு வெச்சிருந்தாங்க. நல்ல காடாத் துணி. நானே தொவச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு அடுக்கி வெச்சேன். சென்னையிலேருந்து ஒரு அண்ணன் வந்தாரு. ஆப் டிசைன் பண்றவராம். ஏப்ரன எடுத்து விரிச்சாரு, முன்னாடி பாத்தாரு, பின்னாடி பாத்தாரு, மூஞ்சி சுருங்கிப்போச்சு. அந்தப் பக்கம் மெஷின்கிட்ட மணி அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவருதான் எங்க மெஷின்மேன், குறிஞ்சிப்பாடிலேருந்து டெய்லி பஸ்ல வர்றவரு. அவரு இடுப்புல கட்டியிருந்தது ஏப்ரன் இல்ல, பழைய லுங்கி. மையும் மண்ணெண்ணெயும் ஊறி, அவுத்து வெச்சா அதுவே தனியா நிக்கும்.

அந்த அண்ணன் லுங்கியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. "என்ன வேணும்"னு கேட்டேன். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு: "இது புதுசா இருக்குங்க, போட்டோவுல யாரும் நம்ப மாட்டாங்க. அவரு கட்டியிருக்கறத ஒரு பத்து நிமிஷம் வாங்கித் தர முடியுமா?"

பள்ளம்

இது கொஞ்சம் வெளக்கிச் சொல்லணும். எங்க பிரஸ்ல, நல்ல அச்சுன்னா தாளோட பின்பக்கம் தடவிப் பாத்தா ஒண்ணும் தெரியக் கூடாது. மை தாளத் தொட்டுட்டு வந்துடணும், குத்தக் கூடாது. குத்துனா ஈய எழுத்து தேஞ்சிடும், கஸ்டமரும் திட்டுவாரு. டிசைனருங்களுக்கு நேர் எதிரு. அவங்களுக்கு எழுத்து தாளுக்குள்ள எறங்கணும். கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்து "ஆஹா"ன்னு சொல்லணும்.

பாண்டியிலேருந்து ஒரு தம்பி, தன்னோட அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அவரே டிசைன் பண்ணி அவரே அடிக்க வந்திருந்தாரு. மணி அண்ணன் சுத்தமா ஒரு தாள் அடிச்சுக் குடுத்தாரு. தம்பி தடவிப் பாத்துட்டு, "பள்ளமே இல்லையே"ன்னாரு. இன்னொண்ணு அடிச்சோம். "இன்னும் ஆழமா." மணி அண்ணன் கைய எடுத்துட்டாரு. நான் போயி, "அண்ணே, அது அவங்களுக்குப் புடிச்சிருக்கு, அடிச்சுக் குடுங்களேன்"னு சண்ட போட்டேன். எழுத்து ஒடஞ்சா நீ வாங்கித் தர்றியான்னு அவரு கேட்டாரு. அவங்கதான் காசு குடுக்கறாங்களேன்னு நான் கேட்டேன். மாத்தி மாத்திக் கத்துனோம். தம்பி பாவம், நடுவுல நின்னு ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசியா மணி அண்ணன் பீடியக் காதுல சொருவிக்கிட்டு வெளிய போனாரு. வாசல்ல நின்னு திரும்பிச் சொன்னாரு: "பள்ளம் பாக்கணும்னா நேரா மைன்ஸுக்குப் போவச் சொல்லு பாப்பா. ஊரு ஊரா வாங்கி அதுக்குன்னே தோண்டிக்கினு இருக்காங்க."

சொந்தப் பேரு

ஈய எழுத்தக் கையில குடுத்தா எந்த டிசைனரும் மொதல்ல கோக்கறது அவங்க பேரத்தான். இதுல நான் இன்னும் ஒரு விதிவெலக்கப் பாக்கல. எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி உல்டாவா இருக்கும். தமிழ் எழுத்துப் பெட்டியில அறை ரொம்ப ஜாஸ்தி, எது எங்க இருக்குன்னு தேடறதுக்கே பொழுது போயிடும். ஒரு அக்கா 'ஐஸ்வர்யா'ன்னு கோக்க உக்காந்தாங்க. 'ஸ்' கெடைக்கல. கெடச்சது தலகீழா நின்னுச்சு. காபி வந்துச்சு, சாப்பாடு வந்துச்சு, பேரு வரல.

அந்த நேரம் சேத்தியாத்தோப்பு உரக்கடைக்காரரு வந்துட்டாரு. அவரு பில் புக்குக்கு நம்பர் அடிக்கணும், மெஷின் ஒர்க்‌ஷாப்புக்காரங்களுக்குன்னு நிக்குது. கடையில சீசன் கூட்டம், ஆளாளுக்கு பில் கேக்குறான். ஸ்டூல்ல உக்காந்தாரு. எந்திரிச்சாரு. ஐஸ்வர்யா அக்கா தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாத்தாரு. அவங்க ஒரு எழுத்த எடுத்து, ஊதி, வெளிச்சத்துல காட்டி, மறுபடியும் பெட்டியிலயே போட்டாங்க. உரக்கடைக்காரரு என்கிட்ட குனிஞ்சு, நெஜமான அக்கறையோட கேட்டாரு: "ஏம்மா, சொந்தப் பேர அடிக்கவா இம்மாந்தூரம் வந்தாங்க? ரேஷன் கார்டுல தப்பாப் போட்டுட்டாங்களா?"

அப்பாவோட யோசனை

வூட்டுக்குப் போனா நகத்துல மை, தலையில மண்ணெண்ணெய் வாசம். அம்மா சோப்ப கையில குடுத்து கொல்லைப்பக்கக் கொழாய்க்கு அனுப்பிடுவாங்க. அன்னைக்கு அப்பா காலை ஏ ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து கொல்லையில சேர் போட்டு உக்காந்திருந்தாரு. அவரு வேலை பாக்குறது கன்வேயர்ல. தோண்டுன மண்ண பெல்ட்டு கொண்டு போயிக்கிட்டே இருக்கும், அது நிக்காமப் பாத்துக்கணும். "ஞாயித்துக்கெழமையும் லீவு இல்லாம அங்க என்னத்தா பண்றீக"ன்னு கேட்டாரு.

நான் அவங்க சொல்றதையே சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சாம்ப்பா. கையால ஒரு பொருளத் தொட்டுச் செஞ்சா மனசு அமைதியாகுதாம். வெளியூர்லேருந்தெல்லாம் வர்றாங்க. அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரு. சிரிக்கல. கொல்லையில அம்மா வெச்ச வாழை வரிசையக் காட்டுனாரு. காலி பண்றப்ப அதையும் வுட்டுட்டுத்தான் போகணும், அதனால அம்மா இந்த வருஷம் அதுக்குத் தண்ணி பாய்ச்சறதையே பாதியாக் கொறச்சிட்டாங்க. அப்பா சொன்னாரு: "அப்படின்னா அடுத்த வாரம் இங்கிட்டு கூட்டிட்டு வாத்தா. மம்பட்டி ரெண்டு சும்மாக் கெடக்கு, பாத்தி கட்டட்டும். மனசு அமைதியாயிரும்."

கீழ வுழுந்தது

இத எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். ஏன்னா இதுல நான் ஜெயிக்கல.

பெங்களூருலேருந்து ஒரு அக்கா தனியா வந்தாங்க. பேசவே இல்ல. செல்போன எடுக்கல, ஏப்ரன் கேக்கல. மத்தியானம் ஒரு எழுத்துப் பெட்டிய இழுக்கறப்ப மொத்தமா வெளிய வந்து, கையிலேருந்து நழுவி, தரையில கவுந்துடுச்சு. அத்தன அறையும் கொட்டிப்போச்சு. ஈயம் சிமெண்ட்டு தரையில வுழற சத்தம் இருக்கே, ஆஃப்செட் பக்கம் இருந்த ஜமீலா அக்கா ஓடி வந்துட்டாங்க. ஒவ்வொரு எழுத்தா எடுத்து, உல்டாவப் படிச்சு, அதது அறையில போடணும். அது எத்தன நாள் வேலைன்னு எனக்குத்தான் தெரியும். வாயத் தொறந்தேன். அன்னைக்கு நான் பேசுனது எங்கம்மா காதுல வுழுந்திருந்தா சோப்பு வாயிக்குள்ள போயிருக்கும்.

அந்த அக்கா எதுத்துப் பேசல, மன்னிப்பும் கேக்கல. தரையில சம்மணம் போட்டு உக்காந்து எடுத்து அடுக்க ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் அதையேதான் பண்ணாங்க. ஒரு தாள் கூட அடிக்கல. மறுநாளும் வந்து அடுக்குனாங்க. கெளம்பறப்ப என் பக்கத்துல வந்து, கைய பாத்துக்கிட்டே சொன்னாங்க: "வேலைக்குச் சேந்ததுலேருந்து எவ்வளவோ டிசைன் பண்ணிட்டேன் நிலா. நான் தொட்டது ஒண்ணு கீழ வுழுந்து சத்தம் கேட்டது இதான் மொத தடவ."

அவங்க போனதுக்கப்புறம் எனக்கு யார்மேல கோவப்படறதுன்னு தெரியல. ஏன்னா எனக்கும் அந்த எழுத்தப் புடிக்கும். எடம் வுடணும்னா கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டுவோம், இங்க அந்த காலி எடத்துக்கே ஒரு ஈயத் துண்டு வெக்கணும். ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு கனம் இருக்குன்னு இங்கதான் தெரிஞ்சிக்கிட்டேன். ஆனா அத வெளிய சொன்னா என்னையும் போட்டோ எடுப்பாங்க.

ஸ்டுடியோக்காரரு

கடைசியா நான் எதிர்பாத்த ஆளு வந்தாரு. சென்னையில சொந்தமா டிசைன் ஸ்டுடியோ நடத்துற கோகுல். "சாருன்னு கூப்பிடாதீங்க, கோகுல் போதும்"னாரு. நான் 'கோகுல் சார்'னு கூப்பிட்டேன். ரெண்டு நாளும் அவரு பின்னாடியே நின்னேன். அவருக்கு மை கலக்கிக் குடுத்தேன், அவரு கோத்தத சரி பண்ணேன், அவரு ஆழமா வேணும்னு சொன்னப்ப மணி அண்ணன டீ குடிக்க அனுப்பிட்டு நானே அழுத்தி அடிச்சுக் குடுத்தேன். மனசாட்சியெல்லாம் அந்த வாரம் லீவு.

அவரு நேரடியாவே கேட்டாரு, "படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணப் போறீங்க?" நானும் நேரடியாவே, வேலை வேணும், சென்னையில வேணும், அப்பா ரிட்டயர் ஆறதுக்குள்ள வேணும்னு சொல்லிட்டேன். இந்த அவசரத்துல பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. அவரு சிரிச்சாரு. ஸ்டுடியோவுல ஒரு எடம் இருக்கு, இங்கயே, இந்த மெஷின்ல ஒரு போஸ்டர் அடிச்சு நேர்ல எடுத்துட்டு வாங்கன்னாரு. கார்ல ஏறறப்ப கண்ணாடிய எறக்கிட்டு, இத மட்டும் சொல்லிட்டுப் போனாரு: "எனக்கு ஃபினிஷிங் முக்கியம் இல்ல நிலா. பாத்தா ஒரு கை தெரியணும்."

உஸ்

கை தெரியணும்னா என்ன அடிக்கறது? நாலு நாள் பேப்பரக் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டேன். அப்புறம் எங்க பிளாக்குல நடந்து போறப்ப மாட்டுச்சு. டவுன்ஷிப்புல வளந்தவங்களுக்குத் தெரியும்: வூட்டுக்கு வூடு கதவுல ஒரு அட்டை தொங்கும். 'நைட் ஷிஃப்ட். பெல் அடிக்காதீர்கள்.' அப்பா ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவாரு. குக்கர் விசில் வெக்க மாட்டாங்க, கிரைண்டர் ஓடாது. நாங்க வெளையாடறதே குசுகுசுன்னுதான். கிரிக்கெட்ல அவுட்டு கேக்கறதக் கூட ஜாடையில கேட்ட புள்ளைங்க நாங்க.

அதையே அடிச்சேன். பழைய மரக்கட்டை எழுத்து இருந்துச்சு, வால் போஸ்டருக்கு வெச்சிருந்தது. அதுல குக்கர், கிரைண்டர், ஹாரன், மீன்காரரு, டியூஷன்னு எல்லாத்தையும் தாளோட நாலு ஓரத்துலயும் இடிச்சுப் புடிச்சு நிக்க வெச்சேன். நடுவுல பெருசா வெள்ளை. அந்த வெள்ளையோட அடியில, இருக்கறதுலயே சின்ன ஈய எழுத்துல, 'அப்பா தூங்குறாரு'. அவ்ளோதான். ரெண்டு கலர், ஒண்ணு மேல ஒண்ணு ஒரு மயிரிழை நகரல. பின்பக்கம் தடவிப் பாத்தா வழுவழுன்னு இருந்துச்சு. பள்ளம் போட எனக்கு மனசு வரல. அதுக்கு மேல அழுத்துனா தாளுக்கே சத்தம் வந்துடும்னு தோணுச்சு.

மணி அண்ணன் பாத்துட்டு, "நடுவுல வுட்டுட்டியே பாப்பா, மை தீந்துபூச்சா?"ன்னாரு. அது பரவால்ல. ஜமீலா அக்கா முன்னாடி கடையிலேருந்து போன்ல சத்தமா பேசிக்கிட்டே வந்தாங்க. போஸ்டர் ரேக்குல காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்தாங்க. போன்ல இருந்தவங்ககிட்ட "அப்புறம் பேசறேன்"னு மெல்ல சொல்லிட்டு வெச்சாங்க. அவங்களும் டவுன்ஷிப்புல வளந்தவங்கதான். அப்புறம் என்கிட்ட, காதுல சொல்ற மாதிரி சொன்னாங்க: "எங்க அத்தாவும் நைட் ஷிஃப்ட்தான். இதப் பாத்ததும் வளையல புடிச்சிக்கிட்டேன் பாரு."

பொட்டலம்

சென்னைக்குக் கெளம்பற அன்னைக்கு, போஸ்டர் கசங்காம இருக்க அக்கா வேஸ்ட் தாள சுத்திக் குடுத்தாங்க. வேஸ்ட் தாள்னா, மெஷின்ல புது வேலை ஏத்தறப்ப மை சரியா வருதா, நேரா வுழுதான்னு பாக்கணும். அதுக்கு நல்ல தாள வீணாக்க மாட்டோம். ஒரே பழைய தாளத் திரும்பத் திரும்ப வுடுவோம். அதனால அரிசி மண்டி பில்லு மேல மஞ்ச நீராட்டு விழா, அது மேல கேன்டீன் டோக்கன், அது மேல தலகீழா உரக்கடை. மணி அண்ணன் வுட்ட தாளு. கடைசியா மெஷினத் தொடைச்சுட்டு அடுப்பு பத்த வெக்கத்தான் ஆவும்.

ஸ்டுடியோவுல ஏசி, செடி, ஒரு பெரிய மேஜை. கோகுல் சார் எல்லாரையும் கூப்பிட்டாரு. பொட்டலத்தப் பிரிச்சாரு. பிரிச்சவரு அப்படியே நின்னுட்டாரு. வேஸ்ட் தாள மேஜையில விரிச்சாங்க. ஒருத்தர் லைட்டத் திருப்புனாரு. இன்னொருத்தர் கண்ண மூடித் தடவுனாரு. லேயரப் பாருங்க, அந்த தைரியத்தப் பாருங்க, டோக்கன் வந்து உக்காந்த எடத்தப் பாருங்கன்னு ஒரே பேச்சு. நான் என் போஸ்டர விரிச்சு வெச்சேன். "ம், நல்லா இருக்கு. ரொம்ப நீட்டா இருக்கு, பிரிண்டர்ல எடுத்தது மாதிரி. நடுவுல கொஞ்சம் காலியா இருக்கு"ன்னாங்க. கோகுல் சார் வேஸ்ட் தாளக் கையில எடுத்து, "ஒண்ணாம் தேதியே சேந்துடுங்க. இது நீங்க பண்ணதுதானே?"ன்னு கேட்டாரு.

தலைய ஆட்டுனா போதும். வாடகைக்கு வூடு பாக்கலாம், அப்பா கட்டிலு எங்க போடறதுன்னு யோசிக்கலாம். ஆட்டியிருப்பேன். நேர்மை கீர்மையெல்லாம் நெனைக்காதீங்க. ஆட்டறதுக்குள்ள ஒருத்தர் டீ கிளாச எடுத்து என் போஸ்டர் மேல, சரியா அந்த வெள்ளையில வெச்சாரு. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. "சார், அது குப்பை. மை சரி பாக்க வுட்ட தாளு. அத யாரும் பண்ணல, எங்க மெஷின்மேன் வேற வேலை பண்றப்ப அது தன்னால ஆயிடுச்சு. நான் யோசிச்சு, கோத்து, அடிச்சு எடுத்துட்டு வந்தது உங்க டீ கிளாசுக்கு அடியில இருக்கு, எடுங்க"ன்னேன். கிளாச எடுத்தாங்க. வட்டமா கறை. கோகுல் சார் கோவப்படல. அந்தத் தாள இன்னும் கீழ வெக்கவும் இல்ல. மெதுவா சொன்னாரு: "யோசிச்சுப் பண்ண எங்ககிட்ட நெறைய பேர் இருக்காங்க நிலா. யோசிக்காமப் பண்ற ஆளுதான் கெடைக்க மாட்டேங்குது. அந்த மெஷின்மேன் நம்பர் குடுங்களேன்?"

மணி அண்ணனுக்கு வந்த போன்

குடுத்துட்டேன். அவரு வாய்ப்ப நான் ஏன் கெடுக்கணும்? திங்கக்கிழமை போன் வந்துச்சு. மணி அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுட்டு நம்பர் அடிச்சிக்கினே பேசுனாரு. மாசத்துக்கு ஒரு தடவ சென்னைக்கு வரணுமாம், டிசைனருங்க முன்னாடி நின்னு மனசுல தோணறத அடிச்சுக் காட்டணுமாம். மணி அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. மனசுல என்னா தோணும்னு அவங்களே சொல்லிட்டா வசதின்னாரு. அவங்க சிரிச்சாங்க, அவரு சிரிக்கல.

அப்புறம் ஷெட்டு மூலையக் கண்ணால காட்டி என்கிட்ட கேட்டாரு, அந்தக் கட்டு எவ்ளோ இருக்கும்னு. நிறைய இருந்துச்சு. போன்ல சொன்னாரு: "வேஸ்ட்டு தான வேணும்? மூட்டை கட்டிக் கெடக்குது, வண்டி எடுத்துக்கினு வந்து வாரிக்கினு போங்க. நான் வந்துட்டா இங்க நல்லதா யாரு அடிக்கறது?"

கதவுல ஒட்ட

அப்பாகிட்ட வேலை இல்லன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாரு, முழுசா சொன்னேன். டீ கிளாஸ் வரைக்கும் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அடுத்த நாள் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில மந்தாரக்குப்பத்துல, பிரஸ்ஸுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வூட்டப் பாத்துட்டு வந்தாரு. ஊருக்குப் போற பேச்ச அதுக்கப்புறம் எடுக்கல. கொல்லை இருக்கான்னு மட்டும் அம்மா கேட்டாங்க. இல்ல.

மிச்சம் இருந்த போஸ்டர்ல ஒண்ண ஜமீலா அக்கா முன்னாடி கடைக் கண்ணாடியில ஒட்டிட்டாங்க. கலர் ஜெராக்ஸுக்கு வந்த ஒரு அம்மா அத ரொம்ப நேரம் பாத்தாங்க. பக்கத்து பிளாக்கு. அவங்க வூட்டுக்காரரு ராத்திரி சி ஷிஃப்ட். கதவுல மாட்டுன அட்டைய யாரும் மதிக்கறதே இல்லையாம், கூரியர்காரன் நேத்து கூட பெல்லு அடிச்சுட்டானாம். "இது மாட்டுனா அடிக்க மாட்டான். இதப் பாத்தாலே கை பின்னாடி போகுது பாரு"ன்னாங்க. என் காலேஜ்ல கூட இப்படி யாரும் சொன்னதில்ல. ஒண்ணு சுருட்டிக் கையில குடுத்தேன். சும்மாவே எடுத்துக்குங்கன்னேன்.

அவங்க வாங்கல. நெகத்தால அந்த வெள்ளைய சுத்திக் காட்டுனாங்க. நான் வாக்குவாதம் பண்ணேன். அந்த எடம் காலியா இருந்தாத்தான் அமைதி தெரியும், அதுதான் போஸ்டரே, அத ரொப்புனா ஒண்ணுமே இல்லன்னு கத்தாத கொறையா வெளக்குனேன். அவங்க பொறுமையா எல்லாத்தையும் கேட்டாங்க, தலைய ஆட்டுனாங்க, பின்னாடி நின்ன இன்னும் ரெண்டு பேரும் ஆட்டுனாங்க. அப்புறம் சொன்னாங்க: "அதெல்லாம் சரிதான் கண்ணு. எடம் சும்மாதான கெடக்கு, எங்க பிளாக்கு, குவாட்டர்ஸ் நம்பர நல்லாப் பெருசாப் போட்டுக் குடு. பக்கத்து வூட்டுக்கும் சேத்து ரெண்டா அடி."

அடிச்சுக் குடுத்தேங்க, இப்ப பிளாக்கு பிளாக்கா வந்து நம்பர் சொல்றாங்க. கையால வேலை செஞ்சா மனசு லேசாகும்னு டிசைனருங்க சொல்றது பொய்யே இல்ல, கஸ்டமர் கேக்கறத அடிக்கணும்னா மனச எடுத்து அலமாரியில வெச்சுட்டுத்தான் மெஷின்கிட்டயே போக முடியுது.